நேரில் போய் அழைத்த நாற்பது பேர்

கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்த யாரும் இதுவரை என் முகத்துக்கு நேராக ‘முடியாது’ என்று சொன்னதில்லை. நானும் யாரிடமும் சொல்லாமலே வளர்ந்தவன். இதை எங்கள் ஊரில் மரியாதை என்கிறோம். போன ஏப்ரல் வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிழைப்பு ஒரு பம்பு கம்பெனியின் கணினிப் பிரிவில். அது போக, எட்டு வருடமாக ஒரு மென்பொருளையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். தமிழில் எழுதியிருப்பதைச் செல்போன் வாய்விட்டு வாசித்துக் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. ஓப்பன் சோர்ஸ் வகை. அதாவது அதன் நிரல் முழுவதும் எல்லாருக்கும் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆர்வம் இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் வந்து வேலை செய்வார்கள், சம்பளம் கிடையாது. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி என்று கல்லூரி மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். பொதுக்கிணற்றைத் தூர் வாருவது யார் என்று ஒரு மேடையிலும் சொன்னதில்லை.

தொடங்கும்போது மூன்று பேர் இருந்தோம். பீளமேட்டில் ஒரு பேக்கரியில் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே திட்டம் போட்டோம். ஒருவன் கனடா போனான். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து மட்டும் அனுப்புகிறான். இன்னொருவன் சூலூர்ப் பக்கம் மனை விற்கிறான். ‘நம்ம புராஜெக்ட்’ என்று அவன் இப்போது பெருமையோடு காட்டுவது காம்பவுண்டுச் சுவரை. மிச்சம் இருந்தது நான். நிரலில் கடைசியாக ஒரு வரி மாறி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆனால் விசிட்டிங் கார்டில் ‘நிறுவனர்’ என்ற சொல்லை மட்டும் வருடா வருடம் பெரிய எழுத்தாக மாற்றிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் மாதம் ஒரு மதியம் ஒரு டீச்சர் போன் செய்தார். சென்னிமலைக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துபவர். பிறவியிலிருந்தே கண் தெரியாது. எங்கள் மென்பொருளைத் தொடங்கிய நாளிலிருந்து பயன்படுத்துபவர். செல்போனிலேயே இப்போது தமிழ்க் குரல் வருகிறதே என்று கேட்பீர்கள். அது செய்தித்தாளை நன்றாகத்தான் வாசிக்கும். செய்யுள் என்று வந்தால் பஸ்ஸைப் பிடிக்கப் போவதுபோல ஒரே மூச்சில் ஓடிவிடும். எங்களுடையது செய்யுளைச் சீர் பிரித்து, நிறுத்தி வாசிக்கும். கனடா போனவன் போவதற்கு முன்னால் செய்த ஒரே நல்ல காரியம் அது, அதுவும் இந்த டீச்சர் விடாமல் கேட்டதால் செய்தது. முந்தின நாள் சாயங்காலம் பாடத்தை அதில் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டுதான் அவர் மறுநாள் வகுப்புக்குப் போவார்.

“சாருங்க, என்ற பழைய போனு செத்துப்போச்சுங்க. புதுசு வாங்கியிருக்கறேன். அதுல நம்ம செயலி ஏற மாட்டீங்குதுங்க. ரொம்பப் பழசு, சேராதுங்குது” என்றார்.

“அப்படீங்களா டீச்சர்.”

“பத்தாங் கிளாசுத் தமிழு எங்கிட்டத்தான் இருக்குதுங்க. ஸ்கூல் தொறக்கறப்ப இது இல்லீன்னா ஹெச்செம் அதை வேற டீச்சருக்கு மாத்திப்போடுவாங்க. கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்குப் பத்தாங் கிளாசுன்னு போன வருசமே ஒரு பேச்சு வந்துச்சுங்க. ஜூனுக்குள்ள ஆயிருமுங்களா?”

எவ்வளவு வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நிரலைத் திறந்து பார்த்து மூன்று வருடம் ஆயிற்று. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “ஆயிருமுங்க டீச்சர், நீங்க வெசனப்படாதீங்க” என்றேன்.

அன்று சாயங்காலமே நிரலைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் திறந்தது வாட்ஸப்பை. வேலை பெரிது, தனி ஆளால் ஆகாது, தன்னார்வலர்களைத் திரட்ட வேண்டும், செத்துக் கிடக்கும் திட்டத்துக்குப் புத்துயிர் கொடுக்க வேண்டும் என்று நானாக முடிவு செய்து ஓர் உருக்கமான அறிக்கை எழுதினேன். நானே இரண்டு முறை படித்துக் கண் கலங்கினேன். என் பழைய கல்லூரிக் குழு, கம்பெனிக் குழு, தமிழ் ஆர்வலர் குழு என்று பதினோரு குழுக்களில் போட்டேன். கட்டைவிரல்கள் வந்தன. கும்பிடும் கைகள் வந்தன. ‘அருமை’, ‘தங்கள் தொண்டு தொடர்க’, ‘தமிழ் வெல்லும்’ எல்லாம் வந்தன. ஒருவர் சர்டிபிகேட் தருவீர்களா என்று கேட்டார். இன்னொருவர் அதற்கடியில் கருமத்தம்பட்டியில் வாடகைக்கு வீடு இருப்பதாகப் படத்தோடு போட்டார். வேலைக்கு ஒரு ஆள் வரவில்லை. அந்த வீட்டுக்கு மட்டும் மூன்று பேர் விசாரித்தார்கள்.

ஒரு வாரம் புலம்பினேன். என் மனைவி இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: “ஏனுங்க, வாட்ஸப்புல கூப்புட்டா எவரு வருவாங்க? உங்க அத்தை மகன் கலியாணத்துக்குப் போன்ல சொன்னாங்கன்னு நீங்க போனீங்களா? நேர்ல வந்து பத்திரிகை வெக்கலீன்னு எத்தனை நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரிஞ்சீங்க?”

உண்மைதான். எங்கள் பக்கம் அழைப்பு என்றால் வீட்டுப் படி ஏறி, பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் அழைப்பு. மற்றதெல்லாம் தகவல். அவள் என்னைக் குத்திக் காட்டத்தான் சொன்னாள். எனக்கு அது திட்டமாகப் பட்டது.

எல்லாரும் ஒரு நாள் கூடி வேலை செய்ய அழைக்கும் பத்திரிகையைக் காந்திபுரத்தில் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். மென்பொருளுக்குப் பத்திரிகை அடித்துப் பழக்கம் இல்லாத அச்சகக்காரர், கல்யாணப் பத்திரிகையின் வாசகத்தையே வைத்து மணமக்கள் பெயர் வரும் இடத்தில் மென்பொருள் என்று போட்டுவிட்டார். ‘சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்’ என்று முடிந்தது. பார்க்க அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

நான்கு சனி ஞாயிறுகளில் நாற்பது வீடுகள் ஏறினேன். எல்லாரும் கணினி படித்தவர்கள், கை சும்மா இருப்பவர்கள் என்று விசாரித்து வைத்த பட்டியல். சரவணம்பட்டி அடுக்குமாடியில் ஒருவர் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு “பொண்ணுங்களா, பையனுங்களா?” என்று கேட்டார். தொண்டாமுத்தூரில் வேலையை விட்டுத் தென்னந்தோப்புக்குத் திரும்பிவிட்ட ஓர் இன்ஜினியர், யானை வந்து சாய்த்துப் போட்ட வேலியைக் காட்ட என்னைத் தோப்பு முழுக்க நடத்தினார். பிறகு இளநீர் வெட்டிக் கொடுத்து, கட்டாயம் வருவதாகச் சொன்னார். கருமத்தம்பட்டியில் ஒருவர், எம்.சி.ஏ. படித்துவிட்டு அப்பாவின் விசைத்தறிகளைப் பார்த்துக்கொள்பவர். தறிச் சத்தத்தில் நான் சொன்னது பாதி அவர் காதில் விழவில்லை. “சரீங்க, சரீங்க” என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நாற்பது வீட்டிலும் காபி. நாற்பது வீட்டிலும் “கண்டிப்பா வந்தர்றேனுங்க”. இரவு தூக்கம் போய் நெஞ்செரிச்சல் வந்தது. ஆனாலும் இப்படி ஓர் ஆதரவா என்று மனசு குளிர்ந்து போயிருந்தது.

மே மாதம் மூன்றாவது ஞாயிறு, அவிநாசி ரோட்டில் ஒரு சின்ன மண்டபம். நாற்பது பேரும் வந்தார்கள். ஒரு ஆள் பாக்கி இல்லை. சொன்னபடியே சுற்றமும் நட்பும் சூழ வந்தார்கள். பட்டுப் புடவைகள் வந்தன, மாமியார்கள் வந்தார்கள், கைக்குழந்தைகள் வந்தன. லேப்டாப் வந்தது மொத்தம் இரண்டு. அதில் ஒன்று என்னுடையது.

டிபன் முடியப் பத்தரை ஆயிற்று. மேடையில் ஐந்து நாற்காலிகள் போட்டிருந்தேன். அதில் யார் உட்காருவது என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. சண்டை ஒன்றும் இல்லை, “நீங்க உக்காருங்க”, “ஐயோ, நீங்க இருக்கறப்ப நான் எப்புடீங்க” என்ற பாசப் போராட்டம்தான். கடைசியில் மென்பொருளைப் பற்றி எதுவும் தெரியாத ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குச் சால்வை போர்த்தினோம். போர்த்தியவர்களுக்கும் சால்வை வேண்டியிருந்ததால் அவர்களுக்கும் போர்த்தினோம். பிறகு ஒருவர் எழுந்து, இவ்வளவு பேர் கூடியிருக்கிறோமே, ஒரு சங்கமாக வைத்துக்கொண்டால் என்ன என்றார். கால் மணி நேரத்தில் தலைவர், செயலாளர், மூன்று துணைத் தலைவர்கள், ஒரு மகளிர் அணி. ரயில்பெட்டி முழுக்க நிர்வாகிகள் ஏறிவிட்டார்கள், வண்டிக்குத்தான் டிரைவர் இல்லை.

நான் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி வேலையைச் சொன்னேன். புதிய போன்களில் ஏறும்படி மாற்ற வேண்டும், ஏற்றிச் சோதித்துப் பார்க்க வேண்டும், செய்யுள் வாசிக்கும் பகுதியில் பிழைகள் இருக்கின்றன. சென்னிமலை டீச்சரைப் பற்றியும் சொன்னேன். மகளிர் அணித் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பண்ணிப்போடலாமுங்க” என்று ஒரே குரலில் மண்டபம் சொன்னது. உடனே ஒரு தாளை எடுத்து, வேலைகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் பெயர் போட இடம் விட்டு முன்வரிசையில் கொடுத்தேன்.

அந்தத் தாள் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. முதல் ஆள் அதை இரண்டு கையாலும் வாங்கி, படித்து, “நான் எப்புடீங்க மொதல்ல போடறது, அண்ணன் இருக்கறாரு” என்று அடுத்தவருக்குக் கொடுத்தார். அண்ணன் தலைவரை விட்டுவிட்டுத் தான் போடுவது முறையில்லை என்றார். தலைவர் இளைஞர்களுக்கு வழிவிட்டார். இளைஞர்கள் பெரியவர்கள் போட்ட பிறகு போடுவதாகச் சொன்னார்கள். ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அத்தனை பணிவோடு அந்தத் தாள் வரிசை வரிசையாகப் போய், மண்டபத்தை முழுதாகச் சுற்றிவிட்டு, சாம்பார்க் கறை ஒன்றைத் தவிர வேறு எழுத்து ஏறாமல் என் கைக்கே திரும்பி வந்தது. நானும் இரண்டு கையாலும் வாங்கி “ரொம்ப நன்றிங்க” என்றேன். குழுப் படம் எடுத்தோம். சாப்பாடு நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள்.

மறுவாரமே மூன்றாவது துணைத் தலைவருக்குச் சால்வை போர்த்தும்போது போட்டோகிராபர் குனிந்துவிட்டார் என்று தெரிந்தது. படத்தில் அவர் இல்லை. அவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தனிக் குழு தொடங்கினார். தனிப் பெயர், தனிச் சின்னம், தனி வாழ்த்து. ஓப்பன் சோர்ஸில் ஒரு திட்டம் இரண்டாகப் பிரிந்து வளர்வது வழக்கம்தான். ஆனால் நிரலை ஒருமுறைகூடத் திறக்காமலே பிரித்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

மே கடைசி வாரம் டீச்சர் மறுபடி அழைத்தார். கடைசி மணியில்தான் எடுத்தேன்.

“வேலை நடந்துட்டிருக்குதுங்க டீச்சர்” என்றேன், அவர் கேட்பதற்கு முன்னாலேயே.

“கேள்விப்பட்டேனுங்க. மண்டபம் புடிச்சு, ஊடு ஊடாப் போய்ப் பத்திரிகை வெச்சுக் கூப்புட்டீங்களாமா. எங்க ஸ்கூல் கணக்கு டீச்சரோட தம்பி ஊட்டுக்குக்கூட வந்தீங்களாமா.”

“ஆமாங்க.”

“எனக்கு ஏனுங்க வெக்கலீங்க?”

உண்மையான பதில், அவர் என் பட்டியலிலேயே இல்லை. அவர் பயன்படுத்துபவர், நாங்கள் உருவாக்குபவர்கள். அவருக்காக நாங்கள் பாடுபட வேண்டும், அவர் காத்திருக்க வேண்டும். இதைத்தான் நான் தொண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “உங்களுக்கு அலைச்சலா இருக்குமேன்னுங்க...” என்று இழுத்தேன்.

“தெனமும் ரெண்டு பஸ் மாறித்தானுங்க ஸ்கூலுக்குப் போறேன்” என்றார். குரல் உயரவே இல்லை. “சாரு, எட்டு வருசமா அந்தச் செயலியத் தெனமும் கேக்கற ஆளு நானுங்க. நீங்க கடைசியா எப்பங்க கேட்டீங்க?”

நான் வருடங்களை எண்ணத் தொடங்கினேன். அவரே தொடர்ந்தார்.

“முடியாதுன்னு ஏப்ரல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, கூட இருக்கற டீச்சருங்ககிட்டச் சொல்லிப் பாடத்தையெல்லாம் வாசிச்சுப் பதிவு பண்ணி வாங்கியிருப்பேனுங்க. இப்ப லீவுல ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. ஆயிரும் ஆயிரும்னே சொல்லி என்னைய நல்லா உக்கார வெச்சுட்டீங்க.”

போனை வைத்த பிறகு மென்பொருளின் குறைகளைப் பதியும் பக்கத்தைத் திறந்தேன். எட்டு வருடத்தில் டீச்சர் எழுதியவை மட்டும் அறுபதுக்கு மேல் இருந்தன. எந்தப் பாடம், எந்த வரி, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே நிறுத்துகிறது என்று ஒவ்வொன்றும் துல்லியம். ஒவ்வொன்றுக்கும் கீழே என் பதில். ‘மிக்க நன்றிங்க டீச்சர், பாத்துரலாமுங்க.’ அறுபது தடவையும் அதேதான். மண்டபத்தில் சுற்றி வந்த தாளைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதே தாளை எட்டு வருடமாகத் தனி ஆளாக நான் சுற்றவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பள்ளி திறக்க இரண்டே நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலையில் சென்னிமலைக்குப் பஸ் ஏறினேன். மிச்சம் இருந்த ஒரு பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எடுத்துப் போனேன். டீச்சர் அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். மூலையை முகர்ந்தார். “தேதி தாண்டிருச்சுங்க” என்றார். சிரிக்கவில்லை. பிறகு மேசையில் கிடந்த நோட்டுகளைத் தள்ளி வைத்து, “லேப்டாப்ப எடுங்க” என்றார்.

புதிய போனில் ஏறும்படி மாற்ற ஒன்றரை நாள் ஆயிற்று. நான் ஏப்ரலில் இருந்து ஆள் திரட்டிக்கொண்டிருந்தது இந்த ஒன்றரை நாள் வேலைக்குத்தான். ஆனால் ஏறியதும் செய்யுள் பகுதி கெட்டுப்போனது தெரிந்தது. டீச்சர் காதைக் கொடுத்துக் கேட்டார். “இல்லீங்க, தப்புங்க.” திருத்தினேன். “இல்லீங்க. மறுபடியும்.” எங்கள் திட்டத்தின் வரலாற்றில் ‘இல்லை’ என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான். அதற்கும் ஒரு ‘ங்க’ போட முடிகிறது, வானம் இடிந்து விழவில்லை. ஆனால் ஞாயிறு சாயங்காலம் வரை சரியாகவில்லை. மறுநாள் எனக்கு ஆபீஸ், அவருக்குப் பள்ளிக்கூடம்.

திங்கட்கிழமை பத்தாம் வகுப்பை வேறு டீச்சருக்கு மாற்றினார்கள், தற்காலிகமாக என்று சொல்லி. அந்த வாரம் முழுக்க அந்த நேரத்தில் அவர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, அடுத்த அறையில் தன் பாடத்தை இன்னொருவர் நடத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மதியம் மூன்று மணிக்குக் குரல் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை சீர் பிரித்து வாசித்தது. டீச்சர் மறுபடி ஒருமுறை ஓடவிட்டார். உதடு கூடவே அசைந்தது. திங்கட்கிழமை அவர் ஹெச்செம் முன்னால் அந்தப் பாட்டை நடத்திக் காட்டி வகுப்பைத் திரும்ப வாங்கினார்.

செய்தி எப்படியோ பரவியது. இரண்டு சங்கங்களும் தனித்தனியாக வெற்றி அறிக்கை விட்டன. இரண்டு தலைவர்களும் போட்டி போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்கே தட்டோடு போனார்கள், பாராட்டு விழாவுக்கு அழைக்க. நானும் அன்று அங்கே இருந்தேன். “வர முடியாதுங்க. சனிக்கெழமை எங்களுக்குச் சோலி இருக்குதுங்க. நீங்க வேணும்னா லேப்டாப்போட இங்க வாங்க. சாப்பாடு கெடையாதுங்க” என்றார். இரண்டு பேரும் கண்டிப்பாக வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வரவில்லை. வந்தது, சேதி கேட்டுத் தானாகக் கிளம்பிய கருமத்தம்பட்டித் தறிக்காரர். மண்டபத்தில் இருந்த இன்னொரு லேப்டாப் அவருடையதுதான். நான் அன்று அவரைக் கவனிக்கவே இல்லை. யார் முதலில் என்று அவரிடம் டீச்சர் கேட்கவில்லை. “நீங்க அஞ்சாவது பாட்டுத் தப்பை எடுங்க” என்றார். அவர் எடுத்தார். இப்போது நாங்கள் மூன்று பேர்.

போன வாரம் கிளம்பும்போது டீச்சர் கேட்டார்: “சாருங்க, ஒம்பதாங் கிளாசுச் செய்யுள் முழுசும் அடுத்த சனிக்கெழமைக்குள்ள ஆயிருமுங்களா?”

‘பாத்துரலாமுங்க’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கம்பெனியில் அந்த வாரம் ஆடிட் இருந்தது. வாசலில் செருப்பை மாட்டியபடி நின்றேன். ஒரு தப்புச் செய்துவிட்டு அப்பாவிடம் சொல்லப் போகும்போது வருமே, அந்தப் பயம் இந்த வயதில் வந்தது.

“முடியாதுங்க டீச்சர்” என்றேன்.

அவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவர் போனை எடுத்து, அந்த வேலையைத் தறிக்காரரிடம் கேட்டுப் பார்ப்பதாகக் குறித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நன்றிங்க சாரு. எட்டு வருசத்துல இப்பத்தானுங்க நீங்க எனக்கு ஒரு பதில் சொல்லியிருக்கறீங்க.”